பறி கவ்விய முகம்

பழவேற்காட்டில் படகுகளுக்குப் பெயரும் பதிவு எண்ணும் எழுதுகிறவர் பிரதாப். இறந்தவர்களின் முகத்தைப் பென்சிலில் வரைந்தும் கொடுப்பார். ரங்கம்மாளின் மகள் மனோரமா அதற்காகத்தான் அவரைத் தேடி வந்தாள். ரங்கம்மாள் ஏரியில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்தவள். காய்ச்சலில் போய்ப் பத்து நாள் ஆகியிருந்தது. கருமாதிக்குப் படம் வேண்டும். இருந்ததோ வாக்காளர் அட்டையில் ஒரு தபால்தலை அளவு முகம்.

பிரதாப் அதைப் பெரிதாக வரைந்தார். கம்மல், காது மடல், முடி, முந்தானை மடிப்பு என்று ஒன்றையும் விடாமல் எல்லாவற்றுக்கும் ஒரே கருமையில் நிழல் தேய்த்தார்.

ரங்கம்மாளின் கணவர் சீனிவாசன் படத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார்.

“யாருமா இது?”

“அம்மா, நைனா.”

“எங்க ஊட்டுப் பொம்பளயா? இன்னா பிரதாப்பு, நெத்தியில ஒரு நம்பர் போட்டிருந்தா படகுன்னாச்சும் கண்டுபுடிச்சிருப்பேன்.”

சிரித்துக்கொண்டே சொன்னவரின் முகம் சட்டென்று ஒடுங்கியது. “பத்து நாள்ல அவ மூஞ்சி மறந்து பூட்ச்சா எனக்கு?”

பிரதாப் படத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை ஏரிக்கரைக்குப் போனார். பெண்கள் இடுப்பளவு நீரில் குனிந்திருந்தார்கள். இரண்டு கையும் சேற்றில் இருப்பதால், இறால் போடும் ஓலைப் பறியைப் பல்லில் கவ்வியிருந்தார்கள். பின்னாலிருந்து அடித்த வெயில் கண், மூக்கு, சேலை எல்லாவற்றையும் விழுங்கியிருந்தது. தலையிலிருந்து முதுகுவரை ஓடும் ஓரக்கோடு மட்டும் மிச்சம். அதில், இறுகிய தாடைக்கும் பறியின் வாய்க்கும் நடுவே உள்ளங்கையளவு இருட்டு. அவ்வளவுதான். ஆனாலும் இது சோபியா, அது கோமளா என்று கரையிலிருந்தே சொல்ல முடிந்தது. இத்தனை வருடம் பிரதாப் இதே கரையில் உட்கார்ந்துதான் எண் எழுதியிருக்கிறார்.

கரையேறிய சோபியாவிடம் கேட்டார்: “ரங்கம்மா எந்தப் பக்கம் கவ்வும்?”

“இடது பக்கம். வலப்பக்கம் பல்லு ஏது அதுக்கு? கவ்விக்கினே எங்கள திட்டும்ணா. ஒரு வார்த்த புரியாது. திட்டுதுன்னு மட்டும் தெரியும்.”

புதுத் தாள் எடுத்தார். தலை, தோள், வளைந்த முதுகு என்று ஒரே கோடாக இழுத்து இடுப்பில் நிறுத்தினார். உள்ளே ஒன்றும் போடவில்லை. இடது தாடையின் இறுக்கம், அதன் கீழ்ப் பள்ளம், பறியின் விளிம்பு ஆகிய மூன்றில் மட்டும் பென்சிலை அழுத்தித் தேய்த்தார். தோளிலும் கொஞ்சம் தேய்க்கலாமே என்று கை துடித்தது. பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

சீனிவாசன் இந்தப் படத்தைத் தள்ளியும் பிடிக்கவில்லை, கிட்டத்திலும் பிடிக்கவில்லை. வாங்கிய இடத்திலேயே நின்றார். அவர் விரல் அந்தத் தாடையைத் தொட்டது. பிறகு முதுகோடு இறங்கி, கோடு முடிந்த வெற்றுத்தாளில் வந்து நின்றது.

“தண்ணி ஏறுது, மனோரமா. அம்மாவ கரைக்கு வரச் சொல்லு.”

பிரதாப் எட்டிப் பார்த்தார். அந்த இடத்தில் அவர் பென்சிலே வைக்கவில்லை. ஆனால் தண்ணீர் இருந்தது.