கடைமடையின் மூன்று பங்கு

இம்மானுவேலுக்கு வீடு காளவாசலில். வேலை, ஊர் ஊராய்ப் போய் விளைச்சலைக் கணக்கிடுவது. வயலில் ஐந்து மீட்டர் சதுரத்துக்குக் கயிறு கட்டி, உள்ளே உள்ள நெல்லை அறுத்து, அடித்து, எடை போடுவார். சராசரி எட்டு கிலோவுக்குக் கீழே இறங்கினால்தான் ஊருக்கு நிவாரணம்.

இந்த முறை சமயநல்லூருக்கு மேற்கே ஓர் ஊரில், எட்டு இடத்துக்குப் பதில் நாலில் முடித்தார். சோம்பல் அல்ல. வாய்க்கால் தண்ணீர் முதலில் பாயும் தலைமடையையும் கடைசியில் எட்டும் கடைமடையையும் தனித்தனியே பிரித்து, பக்கத்துக்கு இரண்டு வயலைக் குலுக்கி எடுத்தால் பாதி உழைப்பில் அதே துல்லியம் கிடைக்கும். அலுவலகத்தில் இதை விளக்கிக் கைத்தட்டலும் வாங்கியிருந்தார்.

தலைமடையில் பன்னிரண்டரை கிலோ, கடைமடையில் ஐந்தரை. சராசரி ஒன்பது என்று அனுப்பினார். நிவாரணம் இல்லை என்றாகிவிட்டது.

மறுவாரம் பரவை மார்க்கெட்டில் சீனியம்மாள் அவரை மறித்தாள். கடைமடையில் அவள் வயலும் குலுக்கலில் விழுந்திருந்தது.

"சார், தலைமடை எம்புட்டு ஏக்கரு?"

"அறுபது."

"எங்க பக்கம்?"

"நூத்தியெண்பது."

"நாங்க மூணு பங்கு இருக்கோம். அவுகளுக்கும் எங்களுக்கும் சமமாவா போட்டீக?"

அவளோடு வந்திருந்த மொக்கையன் சிரித்தார். "விடு ஆத்தா. சார் புண்ணியத்துல காயிதத்துலயாச்சும் நமக்கு நல்லா வெளஞ்சிருக்கு."

இம்மானுவேலுக்குக் காது சுட்டது. பரப்புக்கு ஏற்றபடி கடைமடையை மூன்று மடங்காகச் சேர்த்திருக்க வேண்டும். கல்லூரியில் முதல் மாதமே படித்தது. மனதுக்குள் போட்டுப் பார்த்தார். ஏழேகால் கிலோ, எட்டுக்குக் கீழே.

மேலதிகாரிகள் கணக்கை மாற்றிவிட்டார்கள் என்ற பொய் நாக்கு நுனிவரை வந்தது.

"தப்பு என்னோடதுதாம்மா."

"அத இங்கன சொல்லி என்ன செய்ய? அங்கன போய்ச் சொல்லுங்க."

மறுநாள் கைத்தட்டிய அதே அறையில் எழுந்து நின்று சொன்னார். பின்வரிசையில் யாரோ இருமினார்கள். அதிகாரி திருத்தத்தில் கையெழுத்துப் போட்டார். ஊருக்கு நிவாரணம் உறுதியானது.

"இனிமே பழையபடி எட்டு எடத்துலயே அறுங்க இம்மானுவேல். இந்தப் புது வேலையெல்லாம் வேணாம்."

முறையில் பிழை இல்லை, கணக்குப் போட்டவனிடம்தான் பிழை என்று அவருக்குத் தெரியும். தலை குனிந்தபடி கயிற்றை எடுத்துக்கொண்டு அடுத்த ஊருக்குக் கிளம்பினார், எட்டு வயல் அறுக்க.