மஞ்சள் பாவாடையும் மிலிட்டரி மாமாவும்

எங்கள் வீட்டு ஆல்பத்தில் ஊரில் உள்ள அப்பாக்கள் எல்லோரும் இருந்தார்கள், என் அப்பாவைத் தவிர. எல்லாப் படத்தையும் எடுத்தவர் அவர்தான் என்பதால் அவர் எதிலும் இல்லை. அவர் இல்லாத படத்தில் எனக்கும் வேலை இல்லை.

அப்பா நெய்வேலிச் சுரங்கத்தில் எலக்ட்ரீஷியன். கூட வேலை செய்தவரின் தம்பி பட்டாளத்திலிருந்து லீவில் வந்தபோது, புதிதாக வாங்கிய டிஜிட்டல் கேமராவோடு அப்பாவும் ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறார். ரயிலை விட்டு இறங்கிய மகனைத் தாய் கட்டிப் பிடித்துக்கொண்ட படம் நன்றாக அமைந்துவிட்டது. அதிலிருந்து பிடித்தது எங்களுக்குச் சனி. சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்தெல்லாம் ஆள் வரும். "அண்ணே, புதன்கிழமை எங்க பையன் வர்றான்" என்பார்கள். அப்பா உடனே யாரிடமாவது ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு விருத்தாசலம் ஜங்ஷனுக்குக் கிளம்பிவிடுவார். காசு வாங்க மாட்டார். வடலூர் ஸ்டூடியோவில் மூன்று பிரின்ட் போட்டு, ஒன்றை அவர்கள் வீட்டுக்கும் இன்னொன்றைத் திரும்பிப் போகிறவரின் சட்டைப் பைக்கும் கொடுப்பார். மூன்றாவது எங்கள் ஆல்பத்துக்கு வரும்.

"ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்" என்று அம்மாவிடம் பழமொழி வேறு சொல்வார்.

"வளருது, வளருது. ஒரு போட்டோ கூட இல்லாம நல்லாவே வளருது" என்பாள் அம்மா.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அந்த ஆல்பத்தைப் புரட்டும்போதெல்லாம் வயிறு எரியும். ஒவ்வொரு படத்திலும் ஒரு பிள்ளை ஓடுகிறது, ஒரு அப்பா குனிந்து வாரி எடுக்கிறார். என் அப்பாவும்தான் தினமும் வருகிறார். யார் கொண்டாடினார்கள்? ஒருநாள் நானே கொண்டாடிப் பார்ப்பது என்று முடிவு செய்து, ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ் வரும் நேரத்துக்கு எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக் முனையில் போய் நின்றேன். அப்பா இறங்கியதும், "அப்பா!" என்று கத்திக்கொண்டு இரண்டு கையையும் விரித்து ஓடினேன். பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அப்பா பதறிப்போய் டிபன் பாக்ஸைக் குறுக்கே நீட்டினார். "கிட்ட வராத, மேலெல்லாம் கரி. என்னாச்சு, அம்மாவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லயா?"

கேமரா வீட்டு பீரோவில் துண்டு சுற்றிப் படுத்திருந்தது. நான் அவர் பின்னால் நடந்து வந்தேன்.

இந்த நிலையில்தான் பக்கத்து குவார்ட்டர்ஸ் பவித்ராவின் அப்பா வரப்போகிறார் என்ற செய்தி வந்தது. பவித்ராவுக்கும் என் வயதுதான். அவளும் அவள் அம்மாவும் அவளுடைய தாத்தாவின் குவார்ட்டர்ஸில் இருந்தார்கள். பவித்ராவின் அம்மாவை நான் அத்தை என்று கூப்பிடுவேன். பவித்ராவின் அப்பாவை பிளாக்கில் எல்லோரும் மிலிட்டரி மாமா என்பார்கள். பனிமலைப் பக்கம் எங்கோ இருந்தார். போன வருஷம் வரவேண்டியவருக்குக் கடைசி நேரத்தில் லீவு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அதனால் அவர் வந்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. போனும் எப்போதாவதுதான் வரும். வீடியோவில் முகம் பார்த்துப் பேசுகிற காலமெல்லாம் அப்போது வரவில்லை.

போன் வந்த மறுநாள் பவித்ரா எங்கள் வாசலுக்கு வந்து நின்றாள்.

"எங்கப்பா கேட்டாரு, என்னா கலரு துணி போட்டுக்கினு வருவேன்னு. மஞ்சப் பாவாடைன்னு சொன்னேன். ரெண்டு வாட்டி கேட்டாரு தெரியுமா?"

தெரியுமாவாம். பொசுங்கிப் போனேன். என் அப்பா ஒருநாளாவது என்னிடம் என்ன நிறம் உடுத்துகிறாய் என்று கேட்டிருப்பாரா? நான் கோணியைக் கட்டிக்கொண்டு நின்றாலும் "சாப்ட்டியா?" என்றுதான் கேட்பார். பனிமலையிலிருந்து ஒரு மனிதர் மகளின் பாவாடை நிறத்தை விசாரிக்கிறார், அதுவும் இரண்டு தரம். இதற்கு மேல் செல்லம் இருக்க முடியுமா?

அந்த மஞ்சள் பாவாடை என்னிடமும் இருந்தது. தீபாவளிக்கு இரண்டு அம்மாக்களும் வடலூரில் ஒரே பீஸில் துணி எடுத்து, ஒரே டெய்லரிடம் தைக்கக் கொடுத்திருந்தார்கள். எங்கள் பிளாக்கில் அது வழக்கம். அழுது அடம்பிடித்து அப்பாவோடு ஸ்டேஷனுக்குப் போக அனுமதி வாங்கினேன். கிளம்புகிற அன்று மஞ்சள் பாவாடையை எடுத்துக் கட்டிக்கொண்டேன்.

அத்தை என்னைப் பார்த்ததும் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "நீ வேற எதுனா மாத்திக்கினு வாயேன் கண்ணு" என்றாள். நான் காதில் விழாத மாதிரி செருப்பின் வாரை மாட்டினேன். பஸ் வந்துவிட்டது.

பிளாட்பாரத்தில் அப்பா பெரிய அதிகாரி போல நடந்துகொண்டார். அத்தையை ஒரு தூண் பக்கத்தில் நிறுத்தினார். "பவித்ரா, அப்பா எறங்குனதும் ஓடணும். கேமராவப் பாக்கக் கூடாது. வேற யாரும் குறுக்க வரக் கூடாது" என்றார். வேற யாரும் என்றபோது என்னைத்தான் பார்த்தார்.

சென்னையிலிருந்து வரும் பகல் ரயில் வந்து நின்றது. மூன்று பெட்டி தள்ளி, கறுப்பு டிரங்குப் பெட்டியோடு மீசை வைத்த ஒரு மனிதர் இறங்கி, கூட்டத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேடினார்.

பவித்ரா ஓடவில்லை. அத்தையின் முந்தானைக்குள் புகுந்துகொண்டாள். "போடி, உங்கப்பாடி" என்று அத்தை தள்ளத் தள்ள அவள் உள்ளே உள்ளே போனாள். எனக்குத் தாங்கவில்லை. இப்படி ஓர் ஓட்டம், இப்படி ஓர் அப்பா, கேமராவும் தயாராக இருக்கிறது, எல்லாம் வீணாகப் போகிறதே! யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் பொய். கால்கள் ஓடின. "அப்பா!" என்று கத்தியதும் நான்தான்.

பெட்டி தடாலென்று கீழே விழுந்தது. அவர் என்னை அப்படியே தூக்கிக்கொண்டார். என் தலையில் முகத்தை வைத்து அழுத்தினார். "எம்மாம் வளந்துட்ட பவி, எம்மாம் வளந்துட்ட" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கேமராவின் சத்தம் கேட்டது. நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் அதுவரை அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

"ஏங்க," என்று அத்தையின் குரல் பக்கத்தில் கேட்டது. "அது பக்கத்து வூட்டுப் பொண்ணுங்க."

அவர் என்னை உடனே இறக்கிவிடவில்லை. முகத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கீழே நிறுத்தி, கசங்கிய என் பாவாடையை நீவிவிட்டார். "பரவால்ல பாப்பா" என்றார். முந்தானைக்குப் பின்னாலிருந்து இன்னொரு மஞ்சள் பாவாடை தெரிந்தது. அவர் முட்டி போட்டு உட்கார்ந்து கையை நீட்டினார். பவித்ரா எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். ஓவென்று அழுதாளே தவிர கிட்ட வரவில்லை.

அப்பா கேமராவை மறுபடி தூக்கினார். "வேணாண்ணே" என்றார் மாமா.

திரும்பி வரும் பஸ்ஸில் அவர்கள் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். நானும் அப்பாவும் கடைசி சீட்டில். அடி விழும் என்று எதிர்பார்த்தேன். அப்பா கேமராவை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். மந்தாரக்குப்பம் வந்தபோது எனக்குத் தைரியம் வந்தது.

"அந்தப் படம் நல்லா வந்திருக்காப்பா?"

அப்பா கேமராவின் பின்னாலிருந்த சின்னத் திரையில் படத்தைப் போட்டுப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். ஆல்பத்தில் இருந்த எந்தப் படமும் அதற்கு உறை போடக் காணாது. மாமாவின் கண்ணோரம் ஈரம் மின்னியது கூடத் தெரிந்தது. "நல்லா வந்திருக்கு" என்றார் அப்பா. அதைச் சொல்லிவிட்டு ஒரு பொத்தானை அழுத்தினார். படம் போய்விட்டது. நான் அழுதேன். பவித்ராவுக்காக அல்ல, மாமாவுக்காகவும் அல்ல. போன படத்துக்காக அழுதேன்.

அந்த லீவு முழுக்கப் பவித்ரா என்னோடு பேசவில்லை. இரண்டாவது வாரத்தில் மாமாவின் சைக்கிளில் முன்னால் உட்கார்ந்து மணியடித்துக்கொண்டு போனாள். பட்டாளத்துக்குத் திரும்பும் முன் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். எனக்கு ஒரு பொட்டலம் உலர்ந்த திராட்சை கொடுத்தார். அப்பாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"மாசம் ஒருவாட்டி பாப்பாவ ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கண்ணே. சிரிக்க வேணாம், ஒண்ணும் வேணாம். மூஞ்சி நேரா தெரிஞ்சா போதும்."

அப்பா மாதா மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை பவித்ராவைச் சுவரோரம் நிறுத்திப் படம் எடுத்தார். முன்பல் விழுந்தது, முளைத்தது, முடி வெட்டியது எல்லாம் தபாலில் போயின. அதற்கும் எனக்கு எரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுக்க முடியாமல் அப்பாவிடம் சண்டைக்கே போனேன்.

"அவ அப்பா அவ என்ன கலரு போட்டுட்டு வருவான்னு ரெண்டு தடவ கேட்டாரு. நீ என்னை ஒருநாளாவது கேட்டிருக்கியா?"

கேமராவுக்குத் துண்டைச் சுற்றிக்கொண்டிருந்த அப்பா கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"எனக்கு எதுக்கும்மா அது?" என்றார்.

கேட்டாயா, அக்கறையே இல்லாத மனிதர் என்று முடிவு கட்டினேன். அன்று ராத்திரிச் சாப்பாடு வரை அவரோடு பேசவில்லை.