பெரியம்மாவுக்கு வாங்கிய சால்வை

காலையில் முதல் வேலையாகப் புதுச் சால்வையின் விலைச்சீட்டைக் கிழித்தேன். வவுனியா முதியோர் இல்லத்தில் இருக்கும் பெரியம்மாவுக்கு வாங்கியது.

அவருக்கு மறதி நோய். மனம் 1960களில், வன்னியின் அக்கராயனில் காடு வெட்டிக் குடியேறிய காலத்திலேயே நிற்கிறது.

இல்லத்துக்குப் போய் நான் கொடுத்த சால்வையை மடியில் விரித்தவர், அதன்மேல் எதையோ விரலால் பொறுக்கத் தொடங்கினார்.

"என்ன செய்யிறியள், பெரியம்மா?"

"அரிசியிலை கல்லுக் கிடக்கு, பிள்ளை. இவர் வயலாலை வந்திடுவார். சும்மா பாத்துக்கொண்டு நிக்காமல் நீயும் பொறுக்கன்."

இவர் என்றது, எப்போதோ இறந்துபோன பெரியப்பாவை.

நானும் பொறுக்கினேன். நான் கொண்டுபோன எந்தப் பரிசும் அவருக்கு இவ்வளவு நிம்மதியைத் தந்ததில்லை.

அடுத்த முறை சுளகும் அரிசியும் கொண்டுபோவேன். இப்போது கடை அரிசியில் கல்லே இல்லை. நானே கலக்க வேண்டும்.

வீட்டில் இன்னும் சொல்லவில்லை. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.