ஆத்தாள் பெயரில் ஒரு பொய்

நெதர்லாந்தில் வெயில் அடித்தால் அலுவலகத்தில் எல்லோரும் காபிக் கோப்பையோடு வெளியே ஓடுகிறார்கள். நான் மட்டும் இடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டேன். உடன் வேலை பார்க்கும் யோஹானிடம், "இந்த வெயில் எனக்குப் பயமாக இருக்கிறது" என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். மறுநாள் தோலில் பூசிக்கொள்ளக் களிம்பு வாங்கி வந்து தந்தார். நல்ல மனிதர். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன்.

என் தம்பி கணேசன், எங்கள் ஊர்ப் பக்கம் எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேன். வெடிமருந்து கலப்பது அவன் பொறுப்பு. வெயில் ஏறுமுன் கலந்து முடித்துவிட வேண்டும். சூட்டில் மருந்து எப்போது பற்றும் என்று சொல்ல முடியாது. அவனோ செவ்வாய், வெள்ளியில் மாரியம்மன் கோயில் நடை திறந்ததும் போய்க் குங்குமம் வாங்கி வந்த பிறகுதான் மருந்தைத் தொடுவான். எட்டு மணியாகிவிடும். நாங்கள் பள்ளிக்கூடம் போன காலத்தில் எட்டு மணிக்கு வெம்பக்கோட்டை அணைப் பக்கமிருந்து குளிர்ந்த காற்று வரும். போன வருடம் ஊருக்குப் போனபோது, அதே எட்டு மணிக்குக் கம்பெனியின் இரும்புக் கதவில் கை வைக்க முடியவில்லை.

போனில் சார்ஜ் தீரும்வரை அவனிடம் பேசிப் பார்த்தேன். பூமி சூடாகிக்கொண்டே வருகிறது, மனிதன் விடும் புகைதான் காரணம், பழைய எட்டு மணி இனி இல்லை என்றேன்.

"வெயிலும் மழையும் ஆத்தா கையில இருக்குக்கா. மனுசன் விடுற புகையில அவ மாறிருவாளா? அங்கன போயி சாமியவே மறந்துட்டியே" என்றான். குரலில் கோபமில்லை. என்மேல் இரக்கப்பட்டான்.

சித்திரை பிறந்ததும் எனக்குத் தூக்கம் போயிற்று. சாமி கும்பிடாத நான் துணிந்து ஒரு பொய் சொன்னேன். "ஏலே, ஆத்தா என் கனவுல வந்தா. குங்குமத்த முந்தின நாளே வாங்கி வச்சுக்கிடணுமாம். விடிஞ்சதும் கலந்து முடிச்சிரணுமாம்."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அழுகிறான் என்று புரியக் கொஞ்ச நேரமாயிற்று.

அடுத்த வாரம், "ஏழு மணிக்கெல்லாம் முடிஞ்சிருதுக்கா" என்றான். எனக்கு மூச்சு வந்தது. அவன் நிறுத்தவில்லை. "ஆத்தாளே காவலுக்கு நிக்கிறப்ப என்ன பயம்? சீசன் ஆர்டருக்கு மத்தியானமும் கலந்து தாரேன்னு மொதலாளிகிட்ட ஏத்துக்கிட்டேன்."

கனவே வரவில்லை, நான் சொன்னது பொய் என்று கெஞ்சினேன். சிரித்தான். "ஆத்தா சொன்னதப் பொய்யிங்காதக்கா. கண்ணு அவிஞ்சிரும்."

இப்போது இங்கே காலை ஒன்பது. அங்கே உச்சி வெயில். அலுவலக மேசைக்கு அடியில் யாருக்கும் தெரியாமல் கை கூப்பிக்கொண்டு, அவன் நம்புகிற இடத்தில் நீ நில் தாயே என்று நான் நம்பாதவளைக் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன்.