அன்னப் படகுக்கு அடித்த துத்தம்

ஓடைப்பட்டிப் பக்கத்துக் கண்மாயில் நாகஜோதியைத் தேடிப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது அவள் பாதங்களைத்தான். மிச்ச ஆள் ஏதாவது ஒரு மிதிபடகுக்கு அடியில் கிடப்பாள்.

பிள்ளைகள் வேலைக்குப் போனபிறகு சும்மா இருக்கப் பிடிக்காமல் படகுக் குத்தகையை எடுத்தாள். தையல் மிஷினுக்கு எண்ணெய் விட்டுப் பழகிய கை. ஆனால் தண்ணீரில் கிடக்கிற இரும்புக்கு அந்த எண்ணெய் ஒருநாள்கூடத் தாங்கவில்லை. அதன்பிறகு தண்ணீரில் கரையாத கெட்டிக் கிரீஸ்தான். பெடல், செயின், அச்சு என்று வாராவாரம் அப்புவாள். அப்புவதற்கு முன் ஈரம் போகத் துடைத்தாக வேண்டும். ஈரத்தின்மேல் கிரீஸ் வைத்தால் துருவுக்குப் போர்வை போர்த்தியது மாதிரி என்பது அவள் கட்சி.

“குழம்புலயும் கிரீஸ் வாசனதான் அடிக்குது” என்பார் கணவர் சுருளிராஜன். திராட்சைத் தோட்டக்காரர். சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி ஊற்றிக்கொள்வார்.

இந்தப் பொங்கலுக்கு அவருடைய தங்கை மாரீஸ்வரி தேனியிலிருந்து சம்பந்தி வீட்டாரோடு படகேற வருவதாகச் சொல்லியிருந்தாள். தீபாவளிக்கு வந்தபோது அத்தனை பேர் முன்னாலும், “எங்க மதினி வாத்து மேய்க்கிறாக” என்று சிரித்தவள் அவள்தான். அவள் கண்ணெதிரே அன்ன வடிவ மிதிபடகு ஓடியாக வேண்டும்.

அன்று காலை பார்த்து, அன்னத்தின் பெடல் இம்மியும் அசையவில்லை.

மூடியைக் கழற்றினாள். அச்சில் பொட்டுக் கிரீஸ் இல்லை. போல்ட்டுகள் செம்பு முலாம் பூசியதுபோல் சிவந்திருந்தன. இடுக்குகளில் நீலம். அந்த நீலம் படாத சட்டை அவள் வீட்டுக் கொடியில் கிடையாது.

“ஏங்க, இங்கன வாங்க. படகுக்கு மருந்தடிச்சீகளா?”

“மருந்தா? மூணு நாளைக்கு முன்ன கழுவுனேன். ஒரே கொக்கு எச்சம். பவர் ஸ்பிரேயர வச்சு ஒரு பிடி. பளபளன்னு ஆயிருச்சுல்ல?”

“எந்த ஸ்பிரேயர்?”

“நம்ம திராட்சைக்கு அடிக்கிறதுதான்...” குரல் பாதியிலேயே இறங்கியது.

“டேங்க அலசுனீகளா?”

“மேலாப்புல.”

ஸ்பிரேயரின் வேகத்தில் கிரீஸ் முழுக்கக் கழன்றுவிட, டேங்கில் மிச்சமிருந்த நீல மயில்துத்த மருந்து வெறும் இரும்பில் வேலையைக் காட்டியிருந்தது.

“போகட்டும். திராட்சைக்கு வர்ற அடிச்சாம்பல் நோய் இனி அன்னத்துக்கு வராது” என்றாள் நாகஜோதி.

நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். துரு இளக்கும் ஸ்பிரேயை அடித்து ஊறவிட்டாள். மரச்சுத்தியால் பதமாகத் தட்டினாள். அச்சு முனகிக்கொண்டே கால்வாசி சுற்றியது. கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்ததும் கையை நீட்டினாள்.

“துணி.”

கொண்டுவந்த துணியெல்லாம் ஈரமாகியிருந்தது. ரோட்டில் வேன் ஹாரன் கேட்டது. சுருளிராஜன் ஒரு கணம் யோசித்துவிட்டு, தோளில் கிடந்த புதுத்துண்டை உருவிக் கொடுத்தார். அச்சைக் காயத் துடைத்து, இண்டு இடுக்கெல்லாம் கிரீஸை அப்பி மூடியைப் போட்டாள். துண்டு உள்ளேயே தங்கிவிட்டது.

“அண்ணே, நான் எடுத்துக் குடுத்த துண்ட எங்க காணோம்?” என்றபடிதான் மாரீஸ்வரி இறங்கினாள்.

இருவரும் அன்னத்தின் வயிற்றைப் பார்த்தார்கள்.

“வாத்துக்குக் குளிருதுன்னுச்சு” என்றாள் நாகஜோதி. மூடியை மறுபடி திறந்து, துண்டை எடுத்து நாத்தனார் கையில் கொடுத்துவிட்டு மூடினாள்.

மாரீஸ்வரி வாயைத் திறப்பதற்குள் சம்பந்தியம்மா படகில் ஏறி உட்கார்ந்து மிதிக்கத் தொடங்கியிருந்தார். சத்தமே இல்லாமல் அன்னம் நகர்ந்தது. நடுக் கண்மாய் வரை போய், திரும்பி வந்து, இறங்க மாட்டேன் என்று மறுபடியும் போனார்.

கரையில் நின்ற மாரீஸ்வரி கிரீஸ் துண்டை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு பொறுத்துப் பார்த்தாள்.

“மதினி, அடுத்து நான்.”

“வரிசையில நில்லு ஆத்தா.”