நிலுவை இல்லாத பிரிவு

எங்கள் வரி அலுவலகத்தில் மாதத்தின் கடைசி நாள் ஒரு தனிச் சடங்கு. முடிக்காத கோப்புகளை எல்லாம் மேசையில் அடுக்கி, ஒவ்வொரு வியாபாரிக்கும் 'கூடுதல் விவரம் தேவை' என்று ஒரு கடிதம் அனுப்புவோம். பதில் வரும்வரை அந்தக் கோப்பு எங்கள் தலையில் இல்லை. அறிக்கையில் 'நிலுவை இல்லை' என்று எழுதிவிட்டு நிம்மதியாக டீ குடிக்கப் போவோம். ஒருமுறை திருவாதவூர் உரக்கடைக்காரர் ஒரே விவரத்தை மூன்று முறை அனுப்பிவிட்டு, நேரிலேயே வந்தார்.

"என் கடை என்னையவிட உங்களுக்குத்தாம்மா நல்லாத் தெரியும். இன்னும் என்ன வேணும்?"

நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். விவரத்தை மட்டும் மறுபடி வாங்கிக்கொண்டேன்.

பிரிவுக் கண்காணிப்பாளர் நான். கடிதங்களை அடித்துத் தள்ளியவள் ஒப்பந்தத்தில் வந்த கணினிப் பெண். தினமும் பேரையூரிலிருந்து பஸ் பிடித்து வந்து, பக்கத்துப் பசுமலையிலிருந்து வரும் எனக்கு முன்பே உட்கார்ந்திருப்பாள். கணவனுடையது மானாவாரி நிலம். வீடு ஓடியது இவள் சம்பளத்தில்தான்.

சென்ற ஆண்டு, இரண்டு அலுவலகங்களை ஒன்றாக்கப் போவதாகச் சுற்றறிக்கை வந்தது. எந்தப் பிரிவில் எவ்வளவு வேலை நிலுவை என்று கேட்டிருந்தார்கள். வகுப்பில் முதலில் கை தூக்கும் பிள்ளை மாதிரி, அன்றைக்கே 'இல்லை' என்று அடிக்கச் சொன்னேன்.

"மேடம், பீரோவுல அம்புட்டுக் கெடக்கே. 'இல்லை'ன்னு அடிக்கவா?" என்று கேட்டாள்.

"எப்பவும் போல அடிம்மா."

மூன்று வாரத்தில் ஆணை வந்தது. நிலுவை இல்லாத பிரிவுக்குக் கணினி ஆள் தேவையில்லையாம். பக்கத்துப் பிரிவுக் கண்காணிப்பாளர் கடிதம் போடவும் சோம்பல்பட்டு, இருந்த நிலுவையை அப்படியே எழுதியிருந்தார். அவருக்குக் கூடுதலாக ஓர் ஆளைக் கொடுத்திருந்தார்கள்.

அதிகாரியிடம் ஓடினேன். "சார், நெசமாவே எங்க செக்‌ஷன்ல வேலை நெறையக் கெடக்கு."

"அப்ப இத்தன வருசமா அனுப்புன அறிக்கையெல்லாம் பொய்யின்னு எழுதிக் குடுங்கம்மா. அந்தப் புள்ள வேலைக்கு நான் பேசுறேன்" என்று ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார்.

எனக்கு ஓய்வுக்கு ஒன்றரை வருடம்தான் இருந்தது. மேலே தேதியை மட்டும் எழுதினேன். பிறகு தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அவளைப் பணியிலிருந்து விடுவிக்கும் ஆணையை அடிக்கப் பிரிவில் வேறு ஆள் இல்லை. அவளே அடித்தாள். அச்செடுத்து என் மேசையில் வைத்துவிட்டு, தோளில் பையோடு நின்றாள்.

"தப்பு எதும் இருந்தாச் சொல்லுங்க மேடம். பஸ்ஸுக்கு நேரம் இருக்கு, திருத்திக் குடுத்துட்டுப் போறேன்."

இரண்டு முறை படித்தேன். ஓர் எழுத்துக்கூடப் பிசகவில்லை. "சரியா இருக்கு" என்று சொல்லி, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுருக்கொப்பம் போட்டேன்.