எங்கள் ஊர் ஆயரும் தெம்மாடிக்குழியும்

இப்போது மார்த்தாண்டத்தில் இருந்தாலும் நான் பிறந்தது கேரள எல்லைக்கு அந்தப்பக்கம். வெள்ளறடையிலிருந்து அம்பூரி போகும் வழியில் நாலு கிலோமீட்டரில் ஒரு சின்ன ஊர். ரப்பர், மரச்சீனிக் கிழங்கு, ஒரு கத்தோலிக்கக் கோயில், அவ்வளவுதான். அந்த ஊர்க்காரர் ஒருவரைப் புதிய ஆயராக, அதாவது பிஷப்பாக, தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்று சென்ற மாதம் செய்தி வந்தது. அடுத்த ஞாயிறே ஊரில் வரவேற்பு. நான் போனது ஆயரைப் பார்க்க மட்டுமல்ல. நாற்பத்தாறு வருடம் முன்பு என் அண்ணன் சவரிமுத்து செத்தபோது அந்தக் கோயிலில் அடிக்காமல் விட்ட துக்கமணி ஒன்று உண்டு. அதைக் கேட்கப் போனேன்.

(நாலாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. போனிடம் சொன்னால் அது எழுதுகிறது. பிழை கண்டால் போனைத் திட்டுங்கள்.)

காலை 6.40க்கு மார்த்தாண்டத்தில் பஸ் ஏறினேன். நம்முடைய டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. 7.10க்குக் களியக்காவிளை. அங்கிருந்து கேரள பஸ்; பாறசாலை வழியாக வெள்ளறடைக்கு 28 ரூபாய், ஐம்பது நிமிடம். மூட்டுவலிக்காரர்கள் பின்சீட்டில் உட்கார வேண்டாம். காரக்கோணம் தாண்டினால் ரோடு நம்மைத் தூக்கித் தூக்கிப் போடும்.

பஸ் முழுக்க ஆயர் பேச்சுதான். மலையாளத்தில் ஆயரைப் பிதாவு என்பார்கள். கண்டக்டர் கேட்டார்:

"அம்மச்சியும் பிதாவைக் காணதுக்குத்தானா?"

"காணதுக்கும் உண்டு, கேக்கதுக்கும் உண்டு."

பக்கத்தில் வேதபுத்தகத்தோடு மிஷன் சபைக்காரி ஒருத்தி. "எங்க அக்கா நேத்து போன்ல விளிச்சு, உங்க மலையில இருந்து போப்பு வந்துட்டாராமேன்னு கேக்கா. போப்பு இல்லடீ, பிஷப்புன்னேன். ரெண்டும் ஒண்ணுதானேங்கா!"

முன்னாலிருந்து ஒருவர் திரும்பினார். "ரப்பர் வெட்டுக்காரன் மவனாக்கும். இனி ரப்பருக்கு வெலை ஏறும்."

"எலே, அவரு ஜெபம் பண்ணுவாரா, ரப்பர் ஷீட்டு விப்பாரா?" என்றான் இன்னொருவன். பஸ் சிரித்தது. நானும் சிரித்தேன். பாலுக்காக ரப்பர் மரத்தின் பட்டையைக் கீறுகிற வெட்டுக்காரன் மகன் ஆயரானது எனக்கும் பெருமைதான். அவருடைய அப்பாவை எனக்குத் தெரியும்.

வெள்ளறடை சந்திப்பில் திரும்பின பக்கமெல்லாம் அவர் முகம்தான், பிளெக்ஸில். சாயாக்கடைக்காரர், கடையில் மாட்டின கிருஷ்ணசாமி படத்துக்குக் கீழே நின்று, போகிறவர் வருகிறவருக்கெல்லாம் லட்டு கொடுத்தார். "நம்ம ஆளாக்கும். ஸ்கூலுக்குப் போவும்ப இந்தப் பெஞ்சிலதான் இருப்பாரு." கடைக்காரருடைய அப்பா காலத்தில் வெட்டுக்காரப் பிள்ளைகள் அந்தக் கடைக்குள் பெஞ்சில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. லட்டைத் தின்றேன். அதைச் சொல்லவில்லை; அன்று எனக்குச் சொல்ல வேறு காரியம் இருந்தது. ஊருக்கு ஆட்டோ 100 ரூபாய். 120 கேட்பார்கள், கொடுக்காதீர்கள்.

இனி அண்ணன் விஷயம். அவன் வெட்டுக்காரர்களைக் கூட்டி எஸ்டேட்டில் வேலைநிறுத்தம் செய்தான். எஸ்டேட் முதலாளிதான் கோயில் கைக்காரர், அதாவது கோயில் சொத்துக்குப் பொறுப்பானவர். அந்த வருடம் அண்ணன் கோபத்தில், பாதிரியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகவில்லை. மழைக்காலத்தில், விடியும் முன் ரப்பர் வெட்டப் போன இடத்தில் பாம்பு கடித்தது. இருபத்தொன்பது வயது. பாவசங்கீர்த்தனம் செய்யாதவனுக்கு மணி கிடையாது, பாதிரி அச்சன் வரமாட்டார் என்றார்கள். நாலு வெட்டுக்காரர்கள் தூக்கிக்கொண்டுபோய் தெம்மாடிக்குழியில் வைத்தார்கள். தெம்மாடி என்றால் போக்கிரி. கோயில் விலக்கினவர்களைப் புதைக்க, கல்லறைத் தோட்டத்தின் பின்மூலையில் குருசில்லாத ஓர் இடம். தூக்கிய நாலு பேரில் ஒருவர் இந்த ஆயரின் அப்பா.

9.15க்கு நான் போனபோது அந்த மூலையில் சரல் கொட்டி, கயிறு கட்டி, 'முக்கிய விருந்தினர் வாகனங்கள்' என்று போர்டு வைத்திருந்தார்கள். அண்ணன் நெஞ்சுமேல் ஒரு வெள்ளைக் கார் நின்றது. வரவேற்புக் குழுத் தலைவர் வின்சென்ட். அன்றைய கைக்காரரின் மகன். வேறு யார் இருப்பார்?

"சேச்சி, அது பழைய காரியமில்லியா? கீழ யாரு எங்க கெடக்கான்னு ஆருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும். அயனி மரத்துல இருந்து ஏழு காலடி."

"நல்ல நாளாக்கும். இண்ணைக்கு வம்பு வேண்டாம்."

10.30க்கு செண்டை, முத்துக்குடையோடு புது ஆயர் வந்தார். இன்னும் அபிஷேகம் ஆகவில்லை, விரலில் முத்தமிடுவதற்கான ஆயர் மோதிரமில்லை. ஜனங்கள் வெறும் கையையே முத்தினார்கள். நானும் வரிசையில் நின்றேன். என் முறை வந்தபோது குனியவில்லை.

"முத்தம் தர வரல்ல. சவரிமுத்துக்கு மணி கேட்டு வந்தேன்."

அவர் என் கையை விடவில்லை. "தெரியும் அம்மச்சி. அப்பா சொல்லியிருக்கு. நான் இன்னும் பொறுப்பு ஏக்கல்ல. இந்தக் கோயில் விகாரி அச்சன்கிட்ட பேசிட்டு..."

"நாப்பத்தாறு வருஷமா பேசிட்டுத்தான் இருக்கிய."

பின்னால் இருந்தவர்கள் என்னைத் தள்ளினார்கள். ஆயரும் குழுக்காரர்களும் மேடை ஏறினார்கள். வின்சென்ட் மைக்கைப் பிடித்து, இந்த ஊரில் எல்லாரும் ஒரே குடும்பம் என்று தொடங்கினார். அதைக் கேட்டதும் நான் மணிக்கூண்டுக்கு நடந்தேன். மணியடிக்கும் கப்பியார் பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தார். கயிறு சும்மா தொங்கியது.

துக்கமணி மற்ற நேரத்தில் அடிக்கிற மணி மாதிரி இல்லை. ஒரே அடி. அந்தச் சத்தம் முழுக்க அடங்கினபிறகு அடுத்தது. தோள் வலிக்க வலிக்க இழுத்தேன்.

மூன்றாவது அடியில் மைக்கில் பேச்சு நின்றது. எங்கள் ஜனங்களுக்கு அந்த மணி கேட்டால் செத்தது யார் என்று கேட்கும் முன்பே கை நெற்றிக்குப் போய்விடும். அன்றும் போனது. அறுநூறு பேர் எழுந்து நின்று சிலுவை போட்டு, இறந்தவருக்கான செபத்தைச் சொன்னார்கள். ஆயரும் எழுந்து சொன்னார். வின்சென்டும் சொன்னார், முழுக்க, மைக்கிலேயே. அதற்கப்புறம்தான் எல்லாரும் என் பக்கம் பார்த்தார்கள்.

"ஆரு மரிச்சது?" என்று ஒரு குரல்.

"எங்க அண்ணன் சவரிமுத்து. தெம்மாடிக்குழியில கெடக்கான். நீங்க எல்லாரும் இப்ப ஜெபிச்சாச்சு, இனி திரும்ப எடுக்க ஒக்காது!"

ஆயர் மைக்கை வாங்கினார். "சவரிமுத்து" என்று பெயரைச் சொல்லி இன்னொரு தடவை அதே செபத்தைத் தொடங்கினார். முன்வரிசையில் சிலர் உட்கார்ந்துவிட்டார்கள். யார் யார் என்று எனக்குத் தெரியும். வெள்ளைக் காரின் டிரைவர், யாரும் சொல்லாமலே போய் வண்டியைப் பின்னால் எடுத்தார்.

"நல்ல நாளைக் கெடுத்திட்டிய சேச்சி" என்றார் வின்சென்ட்.

"கெட்டது நாப்பத்தாறு வருஷம் முன்னயாக்கும்" என்றேன். பிறகு சாப்பிட்டேன். சாம்பாரில் உப்பு அதிகம்.

திரும்ப வெள்ளறடையிலிருந்து 2.50க்குக் களியக்காவிளை பஸ் உண்டு. திருவனந்தபுரத்திலிருந்து வருகிறவர்கள் நெய்யாற்றின்கரையில் இறங்கி வெள்ளறடை பஸ் பிடிக்கலாம். ஞாயிறுகளில் பஸ் குறைவு. புது ஆயரின் ஊரைப் பார்க்க இப்போது பலர் வருகிறார்கள், வாருங்கள். பிறந்த வீட்டைக் காட்டுவார்கள், படித்த பள்ளியைக் காட்டுவார்கள். பின்மூலையைக் காட்டமாட்டார்கள். அயனி மரத்தடியில் நின்று கிழக்கே ஏழு காலடி வையுங்கள். அங்கே மறுபடி கயிறு கட்டியிருந்தால் அவிழ்த்துவிடுங்கள். மெழுகுதிரியை வெள்ளறடையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். கோயில் வாசலில் இருக்கிற கடை வின்சென்டுடையது.